நிலவேம்பு குடிப்பதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிச் சாரலாக இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்கு வருவோருள் பெரும்பாலோர் நீராடியதோடு திரும்பிவிடுவதில்லை. அருவிக்குச் செல்லும் பாதையோரக் கடைகளில் தைலம், தேன், வேர், பட்டை, பொடி என ஏதேனும் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே ஊருக்குப் புறப்படுகின்றனர். மலையில் விளைந்த மூலிகை உடலுக்கு நன்மையே செய்யும் என்னும் நம்பிக்கை இப்பகுதி மக்களின் மனத்தில் ஆழ வேரூன்றியது. அகத்தியர் உறைந்த மலை என்று பொதிகையைப் போற்றும் மண்ணில் அந்நம்பிக்கை இருப்பது வியப்பன்று. அதை எள்ளி நகையாடுவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று.

எங்கள் கவலை வேறு. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுள் பலர், வீட்டில் ஏதேனும் ஒரு கஷாயத்தையோ சூரணத்தையோ உட்கொண்டபடியே வருகின்றனர். ஆனால் அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. "சொன்னால் திட்டுவார்" என்னும் அச்சம் ஒரு காரணம். "அது மருந்தா என்ன, வெறும் இலைதானே" என்னும் எண்ணம் மற்றொரு காரணம். மூலிகை நல்லதா கெட்டதா என்று வழக்காடுவதைவிட, இந்த மௌனத்தைக் கலைப்பதே இன்று முதன்மையான தேவை என்பது எங்கள் கருத்து. அதை விளக்க, நம் வீடுகள் அனைத்தும் அறிந்த ஒரு செடியையே எடுத்துக்கொள்வோம். அது நிலவேம்பு.

இரு நாட்டு மருத்துவத்துக்கும் பொதுவான செடி

நிலவேம்பின் தாவரவியல் பெயர் ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா. இந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட இச்சிறு செடி, கடல் கடந்து சீனத்துக்கும் சென்று அந்நாட்டு மருத்துவத்தில் நிலையான இடம் பெற்றுவிட்டது. சீனர்கள் இதைச் சுவான்சின்லியான் என்கின்றனர். "நெஞ்சைத் துளைக்கும் தாமரை" என்பது அப்பெயரின் பொருள். சீன அரசின் அதிகாரபூர்வ மருந்து நூலில் இம்மூலிகை இடம்பெற்றுள்ளது. உடலின் வெப்பத்தைத் தணிப்பவை என்று சீன மருத்துவம் வகுத்துள்ள மூலிகைகளுள் இதுவும் ஒன்று. நம் சித்த மருத்துவமும் சுரத்துக்கே இதை முதன்மையாகப் பயன்படுத்துகிறது. மொழியாலும் தத்துவத்தாலும் வேறுபட்ட இரண்டு மருத்துவ மரபுகள் ஒரே செடியை ஒரே வகைத் துன்பத்துக்கு எடுத்தாளுகின்றன என்பது எண்ணத்தக்கது.

நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்னும் வேதிப்பொருளைப் பற்றி ஆய்வகங்களில் ஏராளமான ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. வீக்கத்தையும் அழற்சியையும் தணிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என அவை காட்டுகின்றன. மனிதர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சாதாரண சளி, தொண்டை வலி, இருமல் ஆகியவற்றின் தொல்லையை நிலவேம்பு ஓரளவு குறைப்பதாகக் கூறுகின்றனர். அவ்வாய்வுகள் பலவற்றின் தரம் போதாது என்பதையும் உடன் கூறுகின்றனர். கொரோனாத் தொற்றின்போது தாய்லாந்து அரசு, லேசான பாதிப்புடையோருக்கு இம்மூலிகையைப் பயன்படுத்த அனுமதித்தது. ஆகவே நிலவேம்பை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அறிவியல் ஆகாது.

கடையநல்லூர் கற்பித்தது

2012-ஆம் ஆண்டில் கடையநல்லூரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் டெங்குக் காய்ச்சலால் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வூர்கள் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அந்த ஆண்டில்தான் நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு, மலைவேம்பு இலைச்சாறு ஆகியவை அரசின் ஆதரவோடு டெங்குத் தடுப்புப் பணியில் பரவலாகப் பேசப்பட்டன. அதன் பின்னர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அரசு மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் பேருந்து நிலையங்களிலும் நிலவேம்புக் குடிநீர் வழங்குவது வழக்கமாயிற்று.

நிலவேம்புக் குடிநீர் என்பது தனி ஒரு செடியின் சாறு அன்று. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு ஆகிய ஒன்பது சரக்குகள் சேர்ந்த சூரணத்தை நீரிலிட்டு, கால் பங்காக வற்றக் காய்ச்சி வடிகட்டிய கஷாயம் அது. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 30 முதல் 50 மில்லி என்பதே வழக்கமான அளவு. குழந்தைகளுக்கு அதனினும் குறைவு. அளவும் நாளும் சொல்லியே சித்த மருத்துவர் கொடுப்பார். நாமோ கசப்பான செடியைப் பறித்து, கைக்கு வந்த அளவில் கொதிக்க வைத்து, சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு, அதையும் "நிலவேம்புக் குடிநீர்" என்கிறோம். பெயர் ஒன்றானாலும் பொருள் ஒன்றன்று.

2017 அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன், ஆய்வு முடிவுகள் தெளிவாகும் வரை நிலவேம்புக் குடிநீரை வழங்க வேண்டாம் என்று தம் நற்பணி இயக்கத்தினரைக் கேட்டுக்கொண்டபோது தமிழ்நாடே இரண்டு அணியாகப் பிரிந்து விவாதித்தது. ஒரு சாரார் தமிழ் மருத்துவத்துக்கு இழுக்கு நேர்ந்ததாகச் சினந்தனர். மற்றொரு சாரார் கஷாயம் குடிப்பதே அறியாமை என்றனர். அந்த இரைச்சலில், காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒருவருக்கு உண்மையில் தேவையான செய்தி எவர் காதிலும் விழவில்லை.

அச்செய்தி இதுதான். டெங்குவைக் குணப்படுத்தும் என்று நிலவேம்பைப் பற்றி உறுதியாகச் சொல்லப் போதிய மனித ஆய்வுச் சான்று இல்லை. டெங்குவில் உயிரைக் காப்பது உரிய நேரத்தில் உரிய அளவு நீர்ச்சத்து கிடைப்பதும், இரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து கவனிப்பதுமே ஆகும். அந்நோயின் பேரிடர்க் காலம் காய்ச்சல் கொதிக்கும் முதல் இரண்டு நாள்கள் அன்று. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் தணியும் வேளையில்தான் அது தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேற, இரத்த அழுத்தம் சரியத் தொடங்கும். வீட்டிலோ, "கஷாயம் கொடுத்தோம், காய்ச்சல் விட்டுவிட்டது" என்று மகிழ்ந்திருப்பர். கஷாயம் அங்கே நஞ்சாகவில்லை. அது தந்த நிம்மதிதான் ஒரு நாளை விழுங்கிவிடுகிறது. டெங்குவில் ஒரு நாள் என்பது மிகப் பெரிது.

எனவே காய்ச்சல் தணிந்த பின்னும் கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மலம் கறுத்துப் போதல், மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். 108 ஆம்புலன்சை அழைக்கத் தயங்க வேண்டாம். காய்ச்சலுக்கென்று ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குவதும் கூடாது. இரத்தக் கசிவை அவை மிகுவிக்கக்கூடும். நிலவேம்பைக் குடித்தபடியே பரிசோதனைக்கு வருபவரை நாங்கள் குறை கூற மாட்டோம். நிலவேம்பை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதையே வேண்டாம் என்கிறோம்.

யாருக்கு எச்சரிக்கை தேவை

நலமாக உள்ள ஒரு பெரியவர், தரமான சூரணத்தை, சித்த மருத்துவர் சொன்ன அளவில், சில நாள்கள் மட்டும் குடிப்பதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. அளவு மீறினால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, பசியின்மை, தலைவலி ஆகியவை வரலாம். ஆனால் மூலிகை ஒவ்வாமை என்பது அளவைப் பொறுத்தது மட்டும் அன்று. ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நிலவேம்பு சேர்ந்த மருந்துகளால் ஏற்பட்ட கடும் ஒவ்வாமை நிகழ்வுகளை ஆராய்ந்து 2015-இல் எச்சரிக்கை வெளியிட்டது. குடித்தபின் உடலில் தடிப்பு, முகமோ உதடோ வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் அது நெருக்கடி நிலை. மருத்துவமனையே அதற்கு இடம்.

சீனத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஆண்ட்ரோகிராஃபோலைடைப் பதப்படுத்தி அங்கே ஊசி மருந்தாகவும் பயன்படுத்துகின்றனர். அவ்வகை ஊசி மருந்து ஒன்றின் சில தொகுதிகள், நோயாளிகளுக்கு ஒவ்வாத எதிர்வினைகளைத் தந்தமையால் 2017-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வாய்வழியே குடிக்கும் கஷாயமும், செறிவூட்டிய மாத்திரையும், நரம்பில் ஏற்றும் ஊசியும் ஒரே செடியிலிருந்து வந்தாலும் ஒன்றல்ல. "பாட்டி கொடுத்த கஷாயம்தானே" என்று எண்ணி, இணையத்தில் வாங்கிய செறிவு மாத்திரையை விழுங்குபவர் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

நிலவேம்பு இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர், "நிலவேம்பு சர்க்கரைக்கும் நல்லது" என்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு குவளை குடித்தால், இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்த இடமுண்டு. வியர்வை, நடுக்கம், கண் இருட்டுதல் என்று அவரைத் தூக்கிவரும் உறவினர், கஷாயத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னால் மருத்துவருக்குக் காரணம் விளங்கும். சொல்லாவிட்டால், அவர் தந்த மாத்திரையின் அளவே தவறு என்று எண்ணி மாத்திரையைக் குறைப்பார். சில வாரங்களில் கஷாயம் நிற்கும்போது சர்க்கரை எகிறும். இவ்வாறு நோயாளியும் மருத்துவரும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருப்பர்.

இதய வால்வு மாற்று அறுவைக்குப் பின்னும் வேறு காரணங்களுக்காகவும் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள் மேலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நிலவேம்பு மட்டுமன்றிப் பல மூலிகைகளும் அம்மருந்தின் செயலை மாற்றக்கூடியவை. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தரப்படுகின்றன. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் எனப் புகழப்படும் கஷாயம் அவர்களுக்குப் பகையாகலாம். கருவுற்ற பெண்களும் கருத்தரிக்க முயல்வோரும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவர் சொல்லாமல் இதைக் குடிக்கக் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், உட்கொள்ளும் எல்லா மூலிகைகளையும் நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது மிகத் தேவையான செய்தி.

பெயரில் நேர்ந்த பிழை

மூலிகை விஷயத்தில் ஒரு பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு, ஐரோப்பாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி என்றும் மறக்கத்தகாத சான்று. பெல்ஜியம் நாட்டின் பிரசல்ஸ் நகரில், 1990-களின் தொடக்கத்தில், உடல் மெலிவதற்கான சிகிச்சை ஒன்றில் சீன மூலிகைப் பொடி சேர்க்கப்பட்டது. சேர்க்க வேண்டிய மூலிகையின் சீனப் பெயரும், அரிஸ்டோலோக்கியா என்னும் வேறொரு குடும்பச் செடியின் சீனப் பெயரும் "ஃபாங்ஜி" என்றே முடிவன. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வந்து சேர்ந்தது. நலமாக இருந்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் விரைந்து செயலிழந்தன. 1993-இல் அந்நாட்டு மருத்துவர்கள் இதை உலகுக்கு அறிவித்தனர். பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை பின்னர் நூற்றைத் தாண்டியது; பலர் டயாலிசிசுக்கும் சிறுநீரக மாற்று அறுவைக்கும் ஆளாயினர். அதோடும் முடியவில்லை. செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரைப் பரிசோதித்தபோது, அவர்களுள் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. அரிஸ்டோலோக்கியா செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகளைப் புற்றுநோய் விளைவிப்பவை என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-இல் வகைப்படுத்தியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிலவேம்பு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. அதில் அந்த நஞ்சும் இல்லை. ஆனால் அரிஸ்டோலோக்கியா குடும்பச் செடிகள் நம் நாட்டிலும் உண்டு. நாம் ஈசுவரமூலி என்றும் ஆடுதின்னாப்பாளை என்றும் அழைக்கும் இரண்டும் அவைதாம். பூச்சிக்கும் தோல் நோய்க்கும் விடக்கடிக்கும் என்று அவை இன்றும் வழங்கப்படுகின்றன. ஆடும் தின்னாத செடி என்று முன்னோர் கவனித்துப் பெயரிட்டிருக்கின்றனர். கசப்பையும் உடனடி வாந்தியையும் கண்டறிய மனிதனின் கண்ணும் நாவும் போதும். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத்தில் வெளிப்படும் கேட்டை, எத்துணைக் கூர்மையான அனுபவமும் தானாகக் கண்டறிய இயலாது.

"தலைமுறை தலைமுறையாகக் குடித்தார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்னும் கேள்விக்கு விடை இதில்தான் உள்ளது. தான்யூப் ஆற்றையும் அதன் கிளையாறுகளையும் ஒட்டிய பால்கன் நாட்டுச் சிற்றூர்களில் ஒரு விசித்திரமான சிறுநீரக நோய் குடும்பம் குடும்பமாக மக்களை வாட்டியது. 1950-களில் மருத்துவர்கள் அதை விவரித்தனர். கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டோலோக்கியாவின் விதை, மாவோடு அரைபட்டு நாள்தோறும் ரொட்டியில் கலந்ததே காரணம் என்பது உறுதிப்படுவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. அவ்வூர் மக்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். மெதுவாக வரும் தீங்கு எவர் கண்ணுக்கும் எளிதில் புலப்படாது. மேலும் நம் முன்னோர் கஷாயத்தை மட்டுமே குடித்தனர். அவர்கள் மெட்ஃபார்மினும் வார்ஃபரினும் விழுங்கிவிட்டு அதன்மேல் கஷாயம் குடித்தவர்கள் அல்லர். அந்தச் சேர்க்கையைப் பற்றிய பரம்பரை அனுபவம் எவரிடமும் இல்லை.

பெயர்க் குழப்பம் நம்மூரிலும் உண்டு. நிலவேம்பைச் சிலர் சிறியாநங்கை என்பர். வேறு சிலர் அப்பெயரால் வேறொரு செடியைக் குறிப்பர். மலைவேம்பு என்னும் பெயர் இரண்டு வெவ்வேறு மரங்களுக்கு வழங்குகிறது. அவற்றுள் ஒன்றன் காய்கள் நஞ்சுடையவை. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென்று மயங்கினால் உயிருக்கே ஆபத்து. காய்ந்து, பொடியாகி, பாலிதீன் பைக்குள் வந்துவிட்ட பின்னர் எது எந்தச் செடி என்று கைதேர்ந்தவராலும் கண்ணால் மட்டும் சொல்லிவிட முடியாது. பெயரும் முகவரியும் இல்லாமல் மூட்டுவலிக்கென்று விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலக்கப்பட்டிருந்தமை நம் நாட்டில் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்று வியப்பதற்கு முன், அந்த மூன்று நாள்களில் முகம் உப்பியதா, சர்க்கரை ஏறியதா என்றும் பார்க்க வேண்டும்.

மரபை மதிப்பதன் பொருள்

மூலிகையைச் சோதித்துப் பார்ப்பது மரபை அவமதிப்பது என்று கருதுவோர், சீன அறிவியலாளர் தூ யூயூவின் பணியை அறிய வேண்டும். மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர், பழஞ்சீன மருத்துவ நூல்களைப் புரட்டி, ஆர்ட்டிமீசியா என்னும் செடியைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன குறிப்பைக் கண்டார். வெப்பம் மருந்துப் பொருளைச் சிதைக்கிறது என்பது அதிலிருந்து அவருக்குப் புலப்பட்டது. குறைந்த வெப்பத்தில் அதைப் பிரித்தெடுத்தார். அவ்வாறு பிறந்த ஆர்ட்டிமிசினின் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே வேளையில், அச்செடியின் இலையைத் தேநீராக்கிக் குடித்து மலேரியாவைக் குணப்படுத்திக்கொள்ளலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. இலையில் உள்ள மருந்தின் அளவு ஒரே சீராக இராது என்பது அதற்கு ஒரு காரணம். பழைய நூலை மதித்தவரே அளவையும் தூய்மையையும் ஆராய்ந்தார். நம் செங்காந்தளும் அப்படித்தான். கிழங்காக உண்டால் கொல்லும் அச்செடியில் உள்ள கோல்சிசின், மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கப்படும்போது கௌட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது.

இதற்கான அமைப்புகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவுகள் உள்ளன. அரசு நிறுவனமான டாம்ப்கால் சூரணங்களையும் தைலங்களையும் தயாரிக்கிறது. சித்த மருந்துகளும் மருந்துச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றே தயாரிக்கப்பட வேண்டும். ஆகவே நிலவேம்பு வேண்டும் என்போருக்கு எங்கள் பரிந்துரை எளிது. பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பாருங்கள். உரிம எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள், சரக்குகளின் பட்டியல் ஆகியவை அச்சிட்ட உறையில் உள்ளதையே வாங்குங்கள். சொன்ன அளவில், சொன்ன நாள்களுக்கு மட்டும் குடியுங்கள். சாலையோரத்தில் வாங்கிய பெயரற்ற பொடியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், உட்கொள்ளாதீர்கள்.

மருத்துவர்களுக்கும் ஒரு சொல்

நோயாளிகளின் மௌனத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பின்னர், அம்மௌனத்துக்கு மருத்துவர்களாகிய நாங்களும் பொறுப்பு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. கஷாயம் குடித்ததாகச் சொன்ன ஒரு மூதாட்டியை வரிசையில் நிற்பவர் எல்லாரும் கேட்கும்படி கடிந்துகொண்டால், அவர் கஷாயத்தை நிறுத்திவிடப் போவதில்லை. அடுத்த முறை அதைச் சொல்வதைத்தான் நிறுத்துவார். அவரைப் பார்த்து வரிசையில் உள்ள மற்றவர்களும் கற்றுக்கொள்வர். "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "இல்லை" என்பர், கஷாயத்தை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை ஆகையால். "வீட்டில் என்ன கஷாயம் குடிக்கிறீர்கள் அம்மா? பொடி, லேகியம் ஏதாவது உண்டா?" என்று இயல்பாகக் கேட்டால் உண்மை வரும். அக்கேள்வி ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. அதைக் கேட்டுக் கிடைக்கும் விடையை நோயாளியின் குறிப்பேட்டில் மாத்திரைகளோடு சேர்த்து எழுதுவது ஒவ்வொரு மருத்துவர், செவிலியரின் வழக்கமாக வேண்டும். சித்த மருத்துவர்களும் தம்மிடம் வருவோர் உட்கொள்ளும் மாத்திரைகளை அவ்வாறே கேட்டெழுத வேண்டும்.

மூலிகை மருந்தால் ஒவ்வாத விளைவு நேர்ந்தால் அதைப் பதிவு செய்யவும் வழி உண்டு. நாட்டின் மருந்துப் பாதுகாப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பொதுமக்களே தெரிவிக்கலாம். ஒருவர் தரும் தகவல் சிறிதாகத் தோன்றலாம், பிரசல்ஸ் நகரில் உண்மை வெளிப்பட்டதும், ஒரே வகைச் சிறுநீரகக் கேட்டோடு அடுத்தடுத்து வந்த நோயாளிகளிடம் "என்ன உட்கொண்டீர்கள்?" என்று மருத்துவர்கள் கேட்டதாலும், அதற்கு அவர்கள் மறைக்காமல் விடை சொன்னதாலும்தான்.

அடுத்த முறை இம்மருத்துவமனைக்கு வரும்போது, மாத்திரைச் சீட்டோடு வீட்டில் உள்ள சூரண உறையையும் பொடிப் பையையும் எடுத்து வாருங்கள். கடைக்காரர் சொன்ன பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. எங்கே வாங்கினீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாளாக என்பதைச் சொன்னால் போதும். முதியவர்கள் சொல்ல மறந்தால் உடன் வரும் மகனோ மருமகளோ நினைவூட்டுங்கள். நாங்கள் கேட்க மறந்தால் நீங்களே தொடங்குங்கள்.